சான்றிதழை வாங்குவதா, ஆட்டை வாங்குவதா?

வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தோம் என்று சொல்லாத கமக்காரக் குடும்பம் எம்மிடையே குறைவு. ஆடுகளை வழியில் வந்த விலைக்கு விற்றவர்களும் உண்டு. பின்னர் கூலி வேலை செய்தும் சீட்டுப் பிடித்தும் கொஞ்சப் பணம் சேர்ந்ததும் முதலில் வரும் எண்ணம், ஒரு மறியாடாவது வாங்கிக் கட்டவேண்டும் என்பதுதான். பிள்ளைகளுக்குப் பால், தோட்டத்துக்கு எரு, அவசரத்துக்கு விற்க ஒரு குட்டி. இத்தனையும் அந்த ஒரு ஆட்டிலேயே தங்கியிருக்கின்றன. ஆகவே, வாங்கும்போது ஏமாந்தால் இழப்பு பணத்தோடு நின்றுவிடுவதில்லை.

இன்று விற்பவர்கள் சிலர் புதியதொரு சொல்லைச் சொல்கின்றார்கள்: “இது சேதன முறையில் வளர்த்தது, மருந்தே காட்டாதது.” அதற்காக விலையும் கூட்டிக் கேட்கின்றார்கள். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? சான்றிதழ் என்றால் என்ன? எமக்கு அது தேவைதானா?

சான்றிதழ் எதற்கு வழங்கப்படுகின்றது?

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். சேதனச் சான்றிதழ் என்பது தனியொரு ஆட்டின் நலத்துக்குக் கொடுக்கப்படும் உறுதியன்று. அந்த விலங்கு வளர்ந்த பண்ணை, அங்கு நிற்கும் புல், கொடுக்கப்படும் தீவனம், பாவிக்கப்படும் மருந்து, எழுதிவைக்கப்படும் கணக்கு ஆகிய அனைத்தையும் ஒரு பரிசோதகர் ஆண்டுதோறும் வந்து பார்த்து, அந்த வளர்ப்பு முறைக்கு வழங்குவதே சான்றிதழ்.

எமது நாட்டில் சேதன விவசாயத்துக்கென இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2007 இல் எஸ்.எல்.எஸ். 1324 என்ற நியமத்தை வெளியிட்டது. ஆனால் சான்று பெற்ற உற்பத்தியில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குச் செல்லும் தேயிலை, தெங்கு, வாசனைத் திரவியங்கள் போன்றவையே. ஊர்ச் சந்தையில் சான்றிதழோடு நிற்கும் ஒரு மறியாட்டைக் காண்பது மிக அரிது. எனவே ஒருவர் “சான்று பெற்றது” என்று சொன்னால், சான்றளித்த நிறுவனத்தின் பெயர், பண்ணையின் பெயர், சான்றிதழ் செல்லுபடியாகும் திகதி, அதில் கால்நடை சேர்க்கப்பட்டுள்ளதா என்ற நான்கையும் கடதாசியில் காட்டும்படி கேளுங்கள். தென்னந்தோட்டத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அத்தோட்டத்தில் மேயும் மாட்டுக்குச் செல்லாது.

இன்னொரு விடயமும் உண்டு. சான்று பெற்ற ஆட்டை வாங்கி வந்து உங்கள் வளவில் கட்டி, கடையில் வாங்கிய சாதாரணத் தீவனத்தைப் போட்டால் அது பின்னர் சேதன ஆடு அல்ல. உங்கள் காணிக்கும் சான்று இருந்தால்தான் அந்தத் தகுதி தொடரும். காணிச் சான்றுக்குக் காலம் வேண்டும். அமெரிக்க விதிப்படி, அறுவடைக்கு முந்திய 3 ஆண்டுகள் அந்நிலத்தில் தடைசெய்யப்பட்ட இரசாயனம் எதுவும் இடப்பட்டிருக்கக் கூடாது. பிறர் காணியில் தற்காலிகமாகக் குடியிருப்பவர், முன்பு அங்கே என்ன தெளித்தார்கள் என்றோ அடுத்த ஆண்டும் அங்கு இருப்போம் என்றோ எப்படி உறுதி கூறமுடியும்? ஆகவே, சான்று பெற்ற பாலையோ இறைச்சியையோ கூடிய விலைக்கு எடுக்கும் கொள்வனவாளர் ஒருவர் இல்லாதவரை கடதாசிக்காக மேலதிகப் பணம் கொடுப்பதில் பயனில்லை.

நல்ல ஆட்டை வாங்கி மாற்றலாம்

சேதன முறைக்கு மாற விரும்புவோர் மனம் தளரத் தேவையில்லை. சான்று பெற்ற இன விருத்தி விலங்குகள் கிடைக்காத இடத்தில், சாதாரணப் பண்ணையிலிருந்து வாங்கி மாற்றிக்கொள்ள விதிகளே இடமளிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி பால் தரும் விலங்குகளும் ஆடுகளும் 6 மாதம், முட்டைக் கோழிகள் 6 வாரம் முழுமையாகச் சேதன முறையில் வளர்க்கப்பட வேண்டும். அமெரிக்காவில் பால் மாட்டுக்கு இக்காலம் 12 மாதம். அதாவது சேதன வளர்ப்பை வாங்கிய இடத்திலிருந்து அல்ல, உங்கள் பட்டியிலிருந்தே தொடங்கலாம்.

“மருந்தே காட்டாதது” என்பதையும் பெருமையாக எடுக்க வேண்டாம். சேதன விதிகள் தடுப்பூசியைத் தடைசெய்யவில்லை. சேதனத் தகுதி போய்விடும் என்பதற்காக நோயுற்ற விலங்குக்கு வைத்தியம் செய்யாமல் விடுவதையே அவை தடைசெய்கின்றன. ஐரோப்பிய விதிப்படி நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டால், வழமையாகப் பாலை விலக்கிவைக்கும் காலத்தின் இருமடங்கு கழிந்த பின்னரே அது சேதனப் பாலாக விற்கப்படலாம். அமெரிக்காவில் அத்தகைய விலங்கின் பாலைச் சேதனப் பாலாக விற்கவே முடியாது. எங்கும் விலங்கைச் சாகவிடச் சொல்லப்படவில்லை.

எங்கே தேடுவது?

தரகரிடமும் சந்தையிலும் வாங்குவதைவிட, வளர்த்தவரின் பட்டிக்கே சென்று வாங்குவது நல்லது. சந்தையில் பல ஊர் விலங்குகள் ஒன்றாக நிற்பதால் நோய் எளிதில் தொற்றும். அத்துடன், அந்த ஆடு எதைத் தின்று வளர்ந்தது என்பதைத் தரகர் அறியமாட்டார். உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்தில் விசாரித்தால், நன்றாகப் பராமரிக்கும் வளர்ப்பாளர்களை அவர்கள் அறிந்திருப்பார்கள். தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகளிலும் விசாரிக்கலாம்.

பட்டிக்குக் காலையில் செல்லுங்கள். போகும்போது அனுபவமுள்ள ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. என்ன தீவனம்? பூவரசங்குழை, கிளுவங்குழை, கிளிசிரிடியா, இபில் இபில், வைக்கல், பிண்ணாக்கு என்று சொன்னால் அவை பட்டியிலோ வேலியிலோ தென்படுகின்றனவா?

2. கடைசியாகப் பூச்சிமருந்து கொடுத்தது எப்போது? எந்தத் தடுப்பூசி போடப்பட்டது? அதற்கு அட்டை உண்டா?

3. எத்தனை ஈற்று? எப்போதாவது கரு கலைந்ததா?

4. சினை என்றால் கிடாய் விட்ட திகதி எது? ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், பசுவுக்கு ஏறத்தாழ 280 நாள்.

5. ஏன் விற்கின்றார்?

கண்ணால் பார்க்க வேண்டியவை

வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். ஆட்டின் கீழ்த்தாடை முன்பற்களில் இரண்டு பெரிய பற்கள் இருந்தால் வயது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை. நான்கு என்றால் இரண்டு, எட்டும் நிரம்பியிருந்தால் நான்கு வயதளவில். பற்கள் தேய்ந்தும் விழுந்தும் இருந்தால் விலை குறைவானாலும் வேண்டாம்.

கீழ் இமையை மெதுவாக விலக்கிப் பாருங்கள். உட்புறம் நன்கு சிவந்திருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தத்தை உறிஞ்சும் குடற்புழு இருக்கக்கூடும். வால்புறம் கழிச்சலால் அழுக்காக இருக்கக் கூடாது. மூக்கில் சளி, இருமல், நொண்டல், குளம்பிடையே புண் இருந்தால் விட்டுவிடுங்கள். மடியைத் தடவிப் பாருங்கள். கட்டியோ சூடோ இருக்கக் கூடாது.

பால் மாடு என்றால் உங்கள் முன்னிலையில் மாலையிலும் மறுநாள் காலையிலும் கறக்கச் சொல்லுங்கள். ஒருநேரம் கறக்காமல் விட்டு மடியைப் பெருப்பித்துக் காட்டுவது பழைய தந்திரம்.

கடதாசிகளை மறவாதீர்கள்

சேதனச் சான்றிதழ் இல்லாமல் மாடு வளர்க்கலாம். உரிமைக் கடதாசி இல்லாமல் வளர்ப்பது ஆபத்து. மாட்டில் சுடப்பட்ட குறி விற்பவருடையதுதானா என்று பாருங்கள். உரிமை மாற்றத்தைக் கிராம அலுவலர் மூலம் உறுதிசெய்யுங்கள். வேறு பிரதேசத்துக்கு ஏற்றிச் செல்வதானால் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றையும் போக்குவரத்து அனுமதியையும் முன்னதாகவே எடுங்கள். களவு மாட்டை அறியாமல் வாங்கினாலும், வழியில் மறிக்கப்படும்போது மாட்டையும் பணத்தையும் இழப்பவர் வாங்கியவரே.

வீட்டுக்கு வந்த பின்

புதிய விலங்கை உடனே மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். குறைந்தது மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனி வாளியில் தண்ணீர் வையுங்கள். ஈ, நுளம்பு போன்றவற்றால் பரவும் தோல் கழலை நோய் 2020 இல் எமது நாட்டில் முதன்முதலாக வடக்கில் கண்டறியப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

அன்றே ஒரு கொப்பியைத் தொடங்குங்கள். வாங்கிய திகதி, யாரிடம், என்ன விலை, என்ன தீவனம், எந்த நாளில் என்ன மருந்து, எப்போது கிடாய் விட்டது என எழுதுங்கள். பிற்காலத்தில் சான்றிதழ் பெற நினைத்தால் பரிசோதகர் முதலில் கேட்பது இந்தப் பதிவையே. இந்தியாவில் 2011 முதல் நடைபெறும் பங்கேற்பு உத்தரவாத முறையில், சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் பண்ணையை ஒருவர் பரிசோதித்து உறுதியளிக்கின்றனர். அதற்கும் அடிப்படை பதிவுதான். அயலில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து இப்படிக் கொப்பி எழுதத் தொடங்கினால், நல்ல கிடாய் ஒன்றையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆயத்தம் எதுவுமின்றித் திணிக்கப்பட்டதால் சேதனம் என்ற சொல்லிலேயே பலருக்கு வெறுப்பு ஏற்பட்டது. ஆனால் அந்த மாதங்களில் பட்டியில் எருக்குவியல் வைத்திருந்தவருக்கு அதன் பெறுமதி தெரிந்தது. சான்றிதழ் பின்னர் வரட்டும். முதலில் நலமுள்ள ஒரு விலங்கு, அதன் உரிமைக் கடதாசி, ஒரு கொப்பி ஆகிய மூன்றோடும் தொடங்குங்கள். நாளை சொந்தக் காணிக்குத் திரும்பும்போது ஆடும் கூடவே வரும், கொப்பியும் வரும்.