பூட்டிய அறையில் ஒரு கணினி

1986-இல் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கு இரண்டு கணினிகள் வந்தன. ஓர் அறைக்கு வெள்ளையடித்து, சன்னலுக்குத் திரை போட்டு, அவற்றை வைத்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பயிற்சிக்குப் போய்வந்த இயற்பியல் ஆசிரியர் பத்துப் பத்துப் பேராக அழைத்துச் செல்வார். உள்ளே வந்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகக்கூடாது, ஒரு வரியாவது தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அவர் விதி.

என் முறை வந்தபோது பேசிக் மொழியில் இரண்டு வரிகள் சொல்லித் தந்தார். 10 என்று எண்ணிட்ட வரியில் என் பெயரை அச்சிடச் சொல்லும் கட்டளை. 20 என்று எண்ணிட்ட வரியில் மறுபடி 10-க்குப் போகச் சொல்லும் கட்டளை. இயக்கியதும் திரை முழுக்க என் பெயர் ஓடிக்கொண்டே இருந்தது.

"சார், நிக்கவே மாட்டேங்குது!" என்று பதறினேன்.

"நிக்கச் சொன்னியா நீ? சொல்லாததை அது எப்படிச் செய்யும்?" என்று சிரித்தார்.

மடக்குக் கட்டளை என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த ஒரு கேள்விதான். அடுத்த ஆண்டு அவருக்குப் பணிமாறுதல் வந்தது. அறை பூட்டப்பட்டது. நான் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை அது திறக்கவில்லை.

அந்தக் கணினியின் பெயர் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்டது. அதன் 'பி' வகையின் நினைவகம் 32 கிலோபைட். இன்று நம் கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும்.

அவ்வளவு சிறிய கணினி பிரிட்டன் பள்ளிகளில் வேரூன்றியதற்குக் காரணம், அது தனியாக வரவில்லை என்பதே. மக்களுக்குக் கணினி அறிவூட்ட பிபிசி வகுத்த திட்டத்தின் ஒரு பகுதியாக அது வந்தது. 1982 ஜனவரியில் பத்துப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பானது. பள்ளிகள் கணினி வாங்க அரசு பாதி விலையைத் தந்தது. ஆசிரியர் பயிற்சிக்கும் பாடப்பொருள் உருவாக்கத்துக்கும் தனித் திட்டம் ஒன்று நடந்தது.

வீடுகளில் கதை சற்று வேறு. 1982 ஏப்ரலில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டிலிருந்து கிடைத்தது. வீட்டுத் தொலைக்காட்சிதான் திரை. பாட்டுக் கேட்கும் டேப் ரெக்கார்டரில்தான் நிரலைச் சேமிக்க வேண்டும். பத்திரிகைகளில் அச்சான விளையாட்டு நிரல்களைப் பிள்ளைகள் வரிவரியாகத் தட்டச்சு செய்தார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் விளையாட்டு ஓடாது. எந்த வரியில் பிழை என்று தேடித் திருத்துவதே அவர்களுக்குப் பாடமானது.

இந்தப் பிழை தேடலைக் கல்விக் கருத்தாகவே வளர்த்தவர் சேமூர் பேப்பர்ட். நாம் ஆசிரியர் பயிற்சியில் படித்த பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றியவர். 1967-இல் குழந்தைகளுக்கான லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். கணினி குழந்தையைப் பயிற்றுவிப்பதைவிட, குழந்தை கணினிக்குக் கற்றுக்கொடுப்பதே மேல் என்பது அவர் நிலை. விடை தப்பானால் 'தவறு' என்று முடித்துவிடாமல், எங்கே திருத்தலாம் என்று குழந்தை யோசிக்கப் பழக வேண்டும் என்றார்.

பிபிசி மைக்ரோவைக் கொண்டுதான் இந்திய அரசும் 1984-இல் 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகள், பிறகு மேலும் பல. இங்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. ஆனால் எங்கள் பள்ளியில் அந்தப் பயிற்சி ஒரே ஒருவரிடம் தங்கியிருந்தது. அவர் போனதும் அதுவும் அவரோடு போய்விட்டது.

பல ஆண்டுகளுக்குப் பின் நான் கணித ஆசிரியராகி, எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்றேன். முதல் வேலையாக நான் செய்தது என்ன தெரியுமா? சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்! ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். காணொலி காட்டவும் இணையவழித் தேர்வு நடத்தவும் மட்டுமே திறந்தேன். ஒருநாள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், பரீட்சை இல்லாத அன்னைக்கு இதை நாங்க தொடக்கூடாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பூட்டிய அந்தப் பழைய அறைதான் நினைவுக்கு வந்தது.

இப்போது வாரத்தில் ஒரு பாடவேளை ஸ்கிராட்ச் நிரலுக்கு ஒதுக்கியிருக்கிறேன். நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இருப்பதுதான். கீழ் வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகிறேன். சதுரம் வரையச் சொன்னால், திரும்பும் கோணத்தை 90-க்குப் பதில் 60 என்று கொடுத்துவிட்டுத் திகைப்பார்கள். நான் விடை சொல்வதில்லை. "நீ என்ன சொன்னே, அது என்ன செஞ்சுது?" என்று மட்டும் கேட்பேன். வெளிக்கோணம் என்ற கருத்தைக் கரும்பலகையில் இவ்வளவு எளிதாக என்னால் விளக்க முடிந்ததில்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் என்னுடன் அமர்ந்து ஸ்கிராட்ச் கற்றுக்கொண்டார்கள். ஆய்வகச் சாவி இப்போது எங்கள் மூவரிடமும் இருக்கிறது. நாளை எனக்கு மாறுதல் வந்தாலும் அந்தப் பாடவேளை நடக்கும். உங்கள் பள்ளி ஆய்வகத்திலும் பொறுப்பாசிரியருடன் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.