அறியாப் பதிலாள்

‘ப்ராக்சி’ என்னும் சொல்லுக்குப் பதிலாள் என்பதே பொருள். ஒருவர் தம் முகவரியை மறைத்து, வேறொரு கணினியின் முகவரி வழியாக இணையத்தை அணுக உதவும் இடைநிலை அமைப்பைக் கணினித் துறையினர் இச்சொல்லால் குறிப்பர். இடையில் நிற்பது ஒரு நிறுவனத்தின் கணினிக் கூடமாயின், வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அதனை இனங்கண்டு ஐயுறுவது எளிது. ஒரு குடும்பம் வாழும் வீட்டின் இணைப்பாயின் அத்தகைய ஐயம் எழுவது அரிது. வீட்டு முகவரிக்குக் கிடைக்கும் இந்த நம்பிக்கையே இன்று சந்தைப் பொருளாயிற்று. எண்ணற்ற இல்லங்களின் இணைப்புகளைத் திரட்டி, நாடுவாரியாகவும் நகர்வாரியாகவும் வாடகைக்கு விடும் வலையமைப்புகள் பல உள்ளன.

இவ்விணைப்புகள் எவ்வாறு பெறப்படுகின்றன என்பதிலேயே அறவியல் வினா அடங்கியுள்ளது. சிலர் சிறு தொகை பெற்று அறிந்தே இணங்குகின்றனர். வேறு பலரிடம், கட்டணமில்லாச் செயலியின் நீண்ட நிபந்தனைகளுள் ஒரு வரியாக இணக்கம் பெறப்படுகிறது. ஹோலா என்னும் இலவச வி.பி.என். சேவையைப் பயன்படுத்தியோரின் இணைப்புகள் லுமினாட்டி என்ற பெயரில் விற்கப்பட்டு வந்தமை 2015இல் வெளிப்பட்டபோது, அவர்களுள் பலர் திகைத்தனர். இணக்கம் என்ற பெயரே இல்லாத வகையும் உண்டு. மலிவான தொலைக்காட்சி இணையப் பெட்டிகள் சில, தீய மென்பொருளை உட்கொண்டே கடைக்கு வருகின்றன என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது.

இதன் விளைவை ‘911 எஸ்5’ வழக்கில் காணலாம். 2014 முதல் 2022 ஜூலை வரை இயங்கிய இவ்வலையமைப்பு, மாஸ்க்வி.பி.என்., டியூவி.பி.என். முதலான ஆறு செயலிகளின் வழியாக, 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 1 கோடியே 90 இலட்சத்திற்கும் மேலான இணைய முகவரிகளைக் கைப்பற்றியது என அமெரிக்க நீதித்துறை 2024 மே மாதத்தில் அறிவித்தது. அதனை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் சிங்கப்பூரில் கைது செய்யப்பட்டார். பெருந்தொற்றுக் காலத்தில் வேலையிழந்தோர்க்கென ஒதுக்கப்பட்ட உதவித்தொகையைக் கோரி, இம்முகவரிகளிலிருந்து சென்ற பொய் விண்ணப்பங்கள் ஏறத்தாழ 5,60,000 என்றும், இழப்பு 590 கோடி டாலருக்கும் அதிகம் என்றும் அத்துறை கணக்கிட்டது. பசித்தோர்க்குரிய பணம் களவாடப்பட்டது. களவின் சுவடோ ஒன்றுமறியாத இல்லங்களின் வாசலில் சென்று நின்றது.

பதிலாள் என்னும் சொல்லை நாம் மீட்பின் இறையியலில் வழங்கி வருகிறோம். அங்கே பதிலாளாக நின்றவர் தம் உயிரைத் தாமே மனமுவந்து அளித்தார். இங்கோ பிறர் குற்றத்தின் சுமை ஒருவர்மேல் அவரறியாமலே ஏற்றப்படுகிறது. தன்விருப்பம் நீங்கிய பதிலாண்மை, மனிதரைக் கருவியாக்குவதன்றி வேறில்லை.

1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரம் ஈண்டு நோக்கத்தக்கது. யேசபேல் ஆகாபின் பெயரால் நிருபங்கள் எழுதி, அவன் முத்திரையை இட்டு அனுப்பினாள், மூப்பர்கள் முத்திரையை நம்பினர், நாபோத் மாண்டான். ஆயினும் எலியாவின் கண்டனம் முத்திரைக்குரியவன் மேலும் விழுந்தது. அவன் வினவவுமில்லை, ஆதாயத்தை மறுக்கவுமில்லை. பயன் பெற்றுக்கொண்டு தன் இணைப்பை அறிந்தே வாடகைக்கு விடுபவரின் நிலை இதற்கு அண்மையது. வஞ்சிக்கப்பட்டவர் நிலை அவ்வாறன்று. எனினும் வீட்டின் மேல்தளத்திற்குக் கைப்பிடிச்சுவர் கட்டுமாறு பணிக்கும் உபாகமம் 22:8, தீங்கு எண்ணாத வீட்டுக்காரருக்கும் ஒரு கடமையை வைக்கிறது. தம் வீட்டின் வழியே அயலாருக்குத் தீங்கு நேரக்கூடும் என அறிந்த பின் வாளாவிருத்தல் அவருக்கும் இயலாது. தீங்கு அயலாரோடு நிற்பதுமில்லை: இணைப்பை வாடகைக்கு எடுத்தவர், அதே வீட்டிலுள்ள பிற கருவிகளையும் எட்டும் வாய்ப்புண்டு.

வாங்குவோர் அனைவரும் கள்வரல்லர். விலைகளை ஒப்பிடும் வணிகரும், தணிக்கை மிகுந்த நாடுகளின் நிலையை ஆராய்வோரும் இவற்றை நாடுகின்றனர். கடையில் விற்கும் இறைச்சியை ஒன்றும் விசாரியாமல் உண்ணலாம் எனப் பவுல் கூறியதை (1 கொரிந்தியர் 10:25) இவர்கள் சார்பாக ஒருவர் காட்டக்கூடும். அவ்வாதம் பொருந்தாது என்பது என் கருத்து. பவுலின் சந்தையில் அந்த இறைச்சி எவரிடமிருந்தும் பறிக்கப்பட்டதன்று. இங்கு விற்பனைக்கு வருவது மற்றொருவரின் நற்பெயர். அவர் அறிந்து இணங்கினாரா என விசாரிப்பதே வாங்குவோரின் முதற்கடன். நோக்கம் நல்லதாயிருப்பது அக்கடனை நீக்குவதில்லை.

911 எஸ்5 நின்றுபோன பின்னும் அதன் செயலிகள் பலருடைய கணினிகளில் தங்கியிருக்கக் கூடுமாதலால், அவற்றைக் கண்டறிந்து அகற்றும் முறையை எஃப்.பி.ஐ. 2024இல் வெளியிட்டது. குருமனைகளிலும் மாணவர் விடுதிகளிலும் ஒரே இணைப்பைப் பலர் பகிர்கின்றனர். அங்கே ஒருவர் நிறுவும் செயலிக்கு அனைவரும் பதிலாளாகின்றனர்.