ஆதித்தனின் காணாக் கிரணங்கள்

இறம்பொடையில் சின்மயா மிஷனார் எழுப்பிய அனுமார் ஆலயத்து மேட்டில் நின்று, மூடுபனி விலகியபின் தேயிலைச் சரிவுகளில் படியும் வெயிலைக் காண்கிறவருக்கு, குழந்தை ஆஞ்சநேயர் கனியென்று கருதித் தாவிய அந்தச் சூரியனைப் போல மாறாத வஸ்து வேறொன்றில்லை என்றே தோன்றும். பதினோராண்டுச் சுழற்சியில் அதன் மொத்தப் பிரகாசம் ஆயிரத்தில் ஒரு பங்களவே மாறுவதால், அந்த எண்ணம் பெரும்பாலும் சரியானதே. ஆனால் மென் எக்ஸ் கதிர்களிலோ, ஒரு பெருஞ்சுவாலை எழுந்த சில நிமிஷங்களுக்குள் அதே சூரியன் நூறு மடங்கும், சில வேளை ஆயிரம் மடங்கும் பெருகிவிடுகிறது.

பீதுருதலாகலைச் சிகரத்தில் ஏறி நின்றாலும் இக்கதிர்களை அளக்க இயலாது. வாயுமண்டலத்தின் மேலடுக்குகளே அவற்றை விழுங்கிவிடுகின்றன. விழுங்கிய இடத்தில் அணுக்கள் மின்னேற்றம் பெறுவதால், பகற்பக்கத்துச் சிற்றலை வானொலி மங்கிப்போகும். இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டவர்களின் செவியில் என்றேனும் ஒரு நண்பகலில் பாட்டு திடீரெனத் தேய்ந்திருந்தால், பழி வானொலிப் பெட்டியைச் சேராமலும் இருந்திருக்கலாம்.

ஆகவே அளவுகருவி ஆகாயத்துக்கே போகவேண்டியதாயிற்று. 1960 ஜூன் 22இல் அமெரிக்கா ஏவிய சோல்ராட் செய்மதி இப்பணியைத் தொடக்கிவைத்தது. பின்வந்த கோஸ் செய்மதிகளின் அளவீட்டைக் கொண்டே சுவாலைகள் இன்று ஏ, பி, சி, எம், எக்ஸ் எனத் தரம் பிரிக்கப்படுகின்றன. தலையாய எக்ஸ் வகுப்பின் தொடக்க அளவே சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நம்மை வந்தடையும் மொத்தச் சூரிய சக்தியில் அது கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தனை அற்பமான சக்தி வானொலியை ஊமையாக்குகிறதென்பதை நினைக்குந்தோறும் எனக்குப் பிரமிப்பே மேலிடுகிறது. 2003 நவம்பர் 4இல் எழுந்த சுவாலையோ கோஸ் கருவிகளின் எல்லையையே தாண்டிவிட்டதால், அதன் உச்சத்தைக் கணித்தறிய நேர்ந்தது.

2023 செப்டம்பர் 2இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6 முதல் பூமிக்குப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் அப்பால் சுற்றிவரும் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலத்தில், சோலெக்ஸ் என்னும் மென் எக்ஸ் கதிர்க் கருவி இருக்கிறது. அதன் இரு உணரிகளில் ஒன்றின் துவாரம் அகன்றது, மற்றது மிகக் குறுகியது: அமைதியான சூரியனின் மெல்லிய ஒளியை முன்னது சேகரிக்க, பெருஞ்சுவாலையின் வெள்ளத்தைத் திணறாமல் பின்னது எண்ணுகிறது. இந்த விவேகம் நிறைந்த ஏற்பாட்டைத் தாங்கிச் சென்ற திட்டத்தை இயக்கியவர், தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அம்மையார்.

ஆதித்யாவின் அளவீடுகளை இஸ்ரோ யாவருக்கும் திறந்துவைத்திருக்கிறது. மலையகப் பாடசாலைகளின் பௌதிகவியல் ஆசிரியர்களே, ஒரு சுவாலையின் ஏற்ற இறக்கக் கோட்டையேனும் உங்கள் மாணவர் முன் விரித்துக் காட்டுங்கள்.