பெற்றவர் அப்பா என்றால்?

பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு ஓர் இடம், அப்பா பெயருக்கு ஓர் இடம் இருக்கும். பிள்ளையைச் சுமந்து பெற்றவரே அப்பா என்றால், எந்த இடத்தில் எழுதுவது?

நம்ம பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில் நடந்தது இது. 2023 பிப்ரவரியில் அங்கே ஒரு திருநம்பி குழந்தை பெற்றார். அவருடைய இணையர் ஒரு திருநங்கை. சான்றிதழிலோ பெற்றவரை ‘அம்மா’ என்றே பதிந்துவிட்டார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும், பாஸ்போர்ட் எடுக்கப் போனாலும் எத்தனை கேள்விகள் வரும்!

இருவரும் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஜூனில் உத்தரவு வந்தது: இருவரையும் ‘பெற்றோர்’ என்றே குறித்துச் சான்றிதழ் கொடுங்கள். நியாயமான உத்தரவு.

நம்ம தெருவிலும் இப்படி ஒரு வீட்டில் தொட்டில் கட்டினால், பிள்ளையை வாழ்த்த நாமும் போய் நிற்போமே!