கேள்விக்குப் பிறகு மூன்று நொடி

"ஒளிச்சேர்க்கைக்கு இலை எடுத்துக்கொள்ளும் வாயு, கார்பன் டை..." என்று ஆசிரியர் இழுக்க, "ஆக்ஸைடு!" என்று வகுப்பே ஒரே குரலில் முடித்துவைக்கும். "புரிஞ்சுதா?" என்றால், "புரிஞ்சுது சார்!" கேட்பதற்கு உயிரோட்டமான வகுப்புதான். ஆனால் அந்தக் கூட்டுக் குரலில் யாருக்குத் தெரியும், யார் வெறுமனே வாயசைக்கிறார்கள் என்று எந்த ஆசிரியராலும் பிரித்தறிய முடியாது. மாணவர்களை ஈர்க்க ஸ்மார்ட் போர்டு தேடுவதற்கு முன், கேள்வி கேட்டபின் நாம் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இதை அளந்து 1974-இல் வெளியிட்டார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரே ஒரு நொடிதான் பொறுத்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், வேறொரு பிள்ளையை எழுப்பினார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். மனத்தைச் சுடுவது அடுத்த செய்தி. கெட்டிக்காரர்கள் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நொடி கிடைத்தது. மந்தம் என்று கருதியவர்களுக்கு ஒரு நொடிகூட இல்லை. யோசிக்க நேரம் அதிகம் வேண்டியவர்களுக்கே அது குறைவாகக் கிடைத்திருக்கிறது! இடைவெளியை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பதில் வந்ததும் 'வெரி குட்' என்று முடித்துவிடாமல் பொறுத்தாலும் பலன் உண்டு, "ஏன்னா..." என்று பிள்ளையே காரணத்தைத் தொடரும்.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். 40 நிமிடப் பீரியடில் 20 கேள்விக்கு இரண்டிரண்டு நொடி கூட்டினால், ஆவது 40 நொடிதான். 45 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மௌனம் விட்டால் கூச்சல் கிளம்பும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வேலை தராத மௌனம் நிச்சயம் கூச்சலாகும். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற 44 பேரும் அந்தக் கணமே விடுபட்டுவிடுகிறார்கள். கேள்வி, இடைவெளி, அதன்பிறகே பெயர் என்று வந்தால் அத்தனை பேரும் யோசித்தாக வேண்டும். பதிலை நோட்டில் ஒரு வரி எழுதச் சொன்னால் கைக்கும் வேலை கிடைத்துவிடும்.

எல்லாக் கேள்விக்கும் இது பொருந்தாது. ஏழெட்டு எவ்வளவு என்பதற்கு வேகம்தான் அழகு. "ஆவியாகிப் போவது கடல்நீர், பிறகு மழைத்தண்ணீர் ஏன் கரிப்பதில்லை?" என்று கேட்டால் மூன்று நொடிகூடப் போதாது. முன்பெஞ்சில் உயர்ந்த கையைப் பார்த்தும் ஆசிரியர் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், கடைசி பெஞ்சில் ஒரு கை பாதி உயரும்வரை.