கோயிலின் வயது 130-க்கு மேல், மலையின் வயது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்துமலைக்கு என்ன வயது என்று கேட்டால், நம்மில் பலர் 1890, 1891 என்று ஆண்டுக் கணக்குச் சொல்வோம். அது கோயிலின் வயது. மலையின் வயது ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் நிலவியல் அறிஞர்கள். கோயிலைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அதைத் தாங்கி நிற்கும் மலையைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் பெயர். 'பத்து' என்றதும் நமக்கு எண்தான் நினைவுக்கு வருகிறது. தமிழகத்தின் அறுபடை வீடுகளோடு ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை ஆகியவற்றையும் சேர்த்து, இது முருகனின் பத்தாவது மலை என்று சொல்லி மகிழ்வோரும் உண்டு. ஆனால், மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். அருகில் ஓடும் பத்து ஆற்றின் பெயரே குகைக்கும் வந்தது. அந்த ஆற்றில் நீராடிக் காவடி எடுப்பது தைப்பூச வழக்கம்.

நமக்கு முன்பே இந்தக் குகைகளை அறிந்தவர்கள் தெமுவான் பூர்வகுடியினர். 1860-களில் சீனர்கள் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக வௌவால் எச்சத்தை இங்கிருந்து அள்ளிச் சென்றார்கள். 1878-இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹோர்னடே இவற்றை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

அதன் பிறகு வந்தவர்தான் கா. தம்புசாமிப் பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து, சிலாங்கூருக்கு வந்து, அரசாங்கப் பணியிலும் ஈயச் சுரங்கத் தொழிலிலும் உயர்ந்தவர். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலை 1873-இல் நிறுவியவரும் அவரே. குகை வாயில் வேலின் வடிவில் இருப்பதைக் கண்டு அங்கே முருகனை வைத்து வழிபடத் தொடங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1892 முதல் இங்குத் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது.

அன்று படிக்கட்டு கிடையாது. 1920-இல் மரப்படிகள் வந்தன. 1940-இல் 272 காங்கிரீட் படிகள் வந்தன. 2006 ஜனவரியில் 140 அடி உயர முருகன் சிலை எழுந்தது. 2018-இல் படிகள் பல வண்ணம் பூண்டன. தோட்டத்திலும் இரயில் பாதையிலும் உழைத்த ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக எப்படி வளர்ந்தது என்பதை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். அதில் பெருமைப்பட நமக்கு முழு உரிமை உண்டு.

ஆனால், நேயர்களே, இவை அனைத்தும் நாம் சேர்த்தவை. ஏறக்குறைய 100 மீட்டர் உயரக் கூரையுடைய அந்த மகா மண்டபத்தை எந்தச் சிற்பியும் கட்டவில்லை. அதைக் குடைந்தது தண்ணீர்.

எப்படி? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கிப் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. அப்படிக் கரைந்த சுண்ணாம்பு, சொட்டும் இடத்தில் மீண்டும் படிந்து, கூரையிலிருந்து விழுதுபோல் தொங்குகிறது. சந்நிதிக்கு முன் நம் தலையில் சொட்டு நீர் விழுகிறதல்லவா? மலை இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த மலையில் வேறு குடிகளும் இருக்கின்றன. படிகளில் ஏறும் வழியில் பக்கவாட்டில் இருப்பது இருட்டுக் குகை. அங்கே வாழும் ஓர் அரிய சிலந்தி, லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பத்துமலையின் பெயரையே தன் அறிவியல் பெயராகக் கொண்டிருக்கிறது. தன் வளைக்குக் கதவு வைத்துக்கொள்ளும் பழைமையான சிலந்தி இனம் அது. குகையில் தங்கும் தேனுண்ணி வௌவால்கள் இரவில் வெகுதூரம் பறந்து டுரியான், பெத்தாய் பூக்களில் மகரந்தம் பரப்புகின்றன. குகையில் வௌவால் குறைந்தால், நம் சாப்பாட்டு மேசையிலும் டுரியான் குறையும். அத்தகைய உயிர்களின் இருப்பிடமான அந்தக் குகை 2019-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

சுண்ணாம்பு மலைக்கு இன்னொரு குணமும் உண்டு. உறுதியாகத் தெரியும், ஆனால், உள்ளே விரிசலும் வெற்றிடமும் நிறைந்திருக்கும். 1973-இல் ஈப்போ குனோங் சீரோவில் பாறை சரிந்து சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். கல்லுமலை முருகன் கோயில் இருக்கும் மலைதான் அது. பத்துமலையின் சில பகுதிகளும் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டப்பட்டவையே. ஆகவே, மலையைப் பற்றிய அக்கறை மரம், செடி விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. தைப்பூசத்தன்று கைக்குழந்தையோடு அந்தப் பாறையின் கீழ் நிற்பவர்கள் நம் குடும்பத்தினர்.

2018-இல் படிகளுக்கு வண்ணம் பூசியபோது, தேசிய பாரம்பரியத் துறையின் அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்வி எழுந்தது. நம் கோயிலுக்கு நாம் வண்ணம் பூச யாரைக் கேட்க வேண்டும் என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் புரிகிறது. கோயில்களின் நில உரிமையை எண்ணிக் கவலைப்பட்டே பழகிய சமூகம் நாம். ஆயினும், பாரம்பரியச் சட்டத்தைத் தடையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. நாளை யாராவது இந்த மலையை ஒட்டி வெட்டவோ கட்டவோ வந்தால், நம் கையில் இருக்கும் கேடயமும் அதே சட்டம்தான்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? மலையில் புதிதாக எது கட்டப்பட்டாலும், பாறையை ஆராய்ந்த நிபுணர் அறிக்கை எங்கே என்று பக்தர்களாகிய நாமே கேட்கலாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்துப் பழக்காமல் இருக்கலாம். காவடி அலங்காரத்தில் நெகிழியைக் குறைத்து, பூவையும் மயிலிறகையும் கூட்டலாம். காலிப் போத்தலைக் கையோடு கீழே கொண்டு வரலாம். பிள்ளைகளுக்கு முருகன் கதையோடு இந்த மலையின் கதையையும் சொல்லலாம்.

குன்றுதோறாடும் குமரன் என்கிறோம். குன்று இருந்தால்தானே குமரன் ஆடுவதற்கு இடம்! தம்புசாமிப் பிள்ளை ஈயத்துக்காக மண்ணைத் தோண்டிய காலத்து மனிதர். அவரே இந்த மலையைக் கண்டபோது, தோண்டுவதற்கல்ல, கும்பிடுவதற்குரியது என்று நினைத்தார். அவர் நமக்கு விட்டுச் சென்ற சொத்தில் கோயிலோடு அந்த நினைப்பும் சேர்ந்தே இருக்கிறது.