கோவாப் பாத்திக்கு வரும் மரை

மண்சரிவினாலும் நீர்த்தேக்கங்களினாலும் இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த எமது மலையகக் குடும்பங்கள் பல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. மேல்கொத்மலைத் திட்டத்திற்காகத் தலவாக்கலைப் பகுதியில் குடும்பங்கள் இடம் மாறின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பின்னர் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் வீடும் நிலமும் இழந்தோர் தொகை இன்னும் பெருகியது. இவ்வாறு பெயர்ந்தவர்களுக்குக் கிடைக்கும் நிலம் பல வேளைகளில் தோட்டத்தின் ஓரமாகவே அமைகிறது. மேலே காடு, கீழே தேயிலை, இடையில் ஒரு துண்டு நிலம். அதில் கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி என்று எதையாவது போட்டு மீள எழும்பப் பார்க்கிறோம்.

கோவா உருண்டு வரும் நேரத்தில்தான் மரை வருகிறது. ஓரிரவு போதும். நடுக்குருத்தைக் கடித்துவிட்டுப் போன பின்னர் அந்தச் செடியில் எதுவும் எஞ்சுவதில்லை. விதைக்கும் உரத்திற்கும் வாங்கிய கடன் மட்டும் எஞ்சி நிற்கிறது. மறுநாள் யாராவது ஒருவர், “கம்பி ஒன்று வைத்தால் சரி” என்பார். பயிரும் தப்பும், கறியும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அழிவைச் சந்தித்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது எண்ணமன்று.

இது இன்று நேற்றுத் தொடங்கிய தொல்லையுமன்று. 1848 இல் நுவரெலியாவில் பண்ணை அமைக்க வந்த சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், தாம் விதைத்த ஓட்ஸ் பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் தின்றதைப் பற்றித் தாமே எழுதியிருக்கிறார். அவரிடம் துப்பாக்கி இருந்தது, வேட்டை நாய்க் கூட்டம் இருந்தது, தடுக்கச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. 1855 இல் அவர் நாட்டை விட்டுப் போகும் வரை மலைகளிலே மரை வேட்டைதான் அவருடைய பெரும் பொழுதுபோக்கு. மரையை அக்காலத்து வெள்ளையர் ‘எல்க்’ என்று அழைத்தனர். நுவரெலியாவுக்கு அப்பால் ‘எல்க் பிளேன்ஸ்’ என்ற ஊர்ப் பெயர் இன்றும் உண்டு. அவருக்குப் பின் வந்த தோட்டத்துரைமாரும் அதே வழியில் சென்றனர். ஹோட்டன் சமவெளியில் இன்று பார்வையாளர் நிலையமாக உள்ள ஃபார் விடுதி, அந்நாளில் வேட்டைக்காரர் தங்கிய இடம். விலங்குகள் வேகமாகக் குறைவதைக் கண்டு 1894 இல் வேட்டை விலங்குகளுக்கான பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தவர்களிலும் தோட்டத்துரைமார் இருந்தனர். சுட்டுத் தீர்த்தவர்களுக்கே பயம் வந்தது என்று சொல்லலாம். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதன் பின்னர் வந்ததாகும். இன்று மரை, புள்ளிமான், குரைக்கும் மான், சிறுத்தை ஆகியவற்றைக் கொல்வதும் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றமாகும்.

பெண் மரையின் கணக்கு

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் சட்டப்படி அனுமதி உண்டு. அங்கே வேட்டைக்காரர்கள் காட்டோரத்தில் குளோவர் போன்ற தீவனப் பயிரை வேண்டுமென்றே விதைத்து மானை வரவழைக்கிறார்கள். மான் தொகை அளவுக்கு மிஞ்சிப் போன பகுதிகளில், கொம்பில்லாத மானைச் சுடுவதற்கென்று தனி அனுமதிச் சீட்டு வழங்கப்படுகிறது. அதாவது, பெண் மானைத்தான் குறைக்கச் சொல்கிறார்கள். ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். ஆகவே ஆண்களிற் சில போனாலும் அடுத்த ஆண்டின் குட்டிகள் குறைவதில்லை. பெண் போனால்தான் குறையும். அங்குள்ள வெள்ளைவால் மான் நல்ல தீவனம் கிடைத்தால் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். அப்படியிருந்தும் எத்தனை பெண் மானைச் சுடலாம் என்று அரசாங்கம் எண்ணிப் பார்த்தே சீட்டுக் கொடுக்கிறது.

எமது மரையோ ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுவது. குட்டி வளர்ந்து தான் தாயாக இரண்டு வருடமளவில் ஆகும். ஒரு பள்ளத்தாக்கில் ஆறு பெண் மரைகள் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆறு குட்டிகளுக்கு மேல் பிறக்க வழியில்லை. அவற்றிற் பாதி பெண். அந்த மூன்றில் ஒன்றைச் சிறுத்தை பிடிக்கும், இன்னொன்று நோயில் போகலாம். மிஞ்சுவது ஒன்று. இந்நிலையில் ஆண்டுக்கு இரண்டு தாய் மரைகள் கம்பியில் விழுந்தால், சில ஆண்டுகளில் அந்தப் பள்ளத்தாக்கில் மரையே இராது.

கம்பிக்கு ஆண், பெண் தெரியாது. சினையா, பால் கொடுக்கும் தாயா என்பதும் தெரியாது. பால் குடிக்கும் குட்டி காட்டுக்குள் காத்திருந்து செத்துப்போகும். அதை யாரும் காண்பதில்லை, கணக்கில் சேர்ப்பதுமில்லை.

காட்டுப்பன்றிக்காக வைக்கிறோம் என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பன்றி நான்கு மாதத்திற்குள் குட்டி போட்டுவிடும். ஒரு ஈற்றுக்கு நான்கு, ஐந்து, சில வேளை அதற்கும் கூட. ஒரே கம்பி வரிசையில் பன்றியும் மரையும் விழுந்தால், பன்றி அந்த இழப்பை விரைவில் ஈடுசெய்துவிடும். மரையால் அது முடியாது. கடைசியில் யாருக்காகக் கம்பி வைத்தோமோ அந்தப் பன்றி நிற்கும், மற்றவை போய்விடும்.

2020 மே 26 ஆம் திகதி நல்லதண்ணி லக்ஸபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும், மே 29 ஆம் திகதி அது இறந்துபோனது. இலங்கையில் மிக அரிதாகவே காணப்படும் விலங்கு அது. கம்பியை வைத்தவர் எவராயினும் கருஞ்சிறுத்தையை நினைத்து வைத்திருக்கமாட்டார். மரையும் மற்ற இரையும் காட்டில் அற்றுப்போனால், உயிரோடு இருக்கும் சிறுத்தைகள் லயத்து நாயையும் ஆட்டையும் தேடி இறங்கும் என்பதையும் பிள்ளைகள் உள்ள வீட்டார் யோசிக்க வேண்டும்.

எங்கே விரட்டுவது, எங்கே விட்டுவிடுவது

அமெரிக்க வேட்டைக்காரரிடமிருந்து நாம் கற்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு. அதைத் தலைகீழாகக் கற்க வேண்டும். தீவனப் பாத்தியிலேயே அடிக்கடி சுட்டால் பெண் மான்கள் பகலில் அந்தப் பாத்திக்கு வருவதை நிறுத்திவிடும் என்று அவர்கள் சொல்கிறார்கள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் தொல்லை வந்தது என்பதை மான் நினைவில் வைத்திருக்கும். தாய் மான் விலகிய இடத்திற்குக் கூட வரும் குட்டியும் போவதில்லை. ஆகவே பாத்தியை அமைதியாக விடு, தொல்லையை வேறிடத்தில் வை என்பது அவர்களுடைய முறை.

எமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. மரை எமது பாத்திக்கு வரக்கூடாது. அப்படியானால் தொல்லை பாத்தியில் இருக்க வேண்டும், அமைதி காட்டில் இருக்க வேண்டும். நடைமுறையில் நாம் செய்வதைப் பாருங்கள். காட்டோரத் தடத்தில் கம்பி வைக்கிறோம், நாயை விட்டுக் காட்டுக்குள் துரத்துகிறோம், விறகுக்குப் போகும்போது ஓடையருகில் கூச்சலிடுகிறோம். பாத்தியோ இரவு முழுவதும் ஆளில்லாமல் கிடக்கிறது. காட்டில் நிம்மதியில்லாத மரை, நாம் உறங்கும் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இங்கே வந்து ஆறுதலாக மேய்கிறது.

மரை இயல்பாகவே மாலையிலும் இரவிலும் நடமாடும் பிராணிதான். ஆயினும் வேட்டைத் தொல்லை அதை முழு இருளுக்குள் தள்ளிவிடுகிறது. ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவானது. அங்கே போனவர்கள், மரை பட்டப்பகலில் வாகனத்தருகே நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அதே மரைதான் தோட்டத்தில் காலடித் தடத்தை மட்டும் விட்டுச் செல்கிறது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம் நாடெங்கும் பயிரழிக்கும் குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணினார்கள் அல்லவா? மரையையும் எண்ணச் சொல்லியிருந்தால் எமது தோட்டங்களில் வெறும் தாள்தான் திரும்பிப் போயிருக்கும்.

எனவே காவல் பாத்தியில் இருக்கட்டும். ஒரே மாதிரித் தகரம் தட்டினால் மூன்றாம் நாள் மரைக்குப் பழகிவிடும். ஒருநாள் வெளிச்சம், ஒருநாள் சத்தம், ஒருநாள் முன்னிரவு, மறுநாள் விடியற்புறம் என்று மாற்ற வேண்டும். பயிர் ருசியாக வரும் மூன்று நான்கு வாரங்களுக்கு மட்டும் முறைவைத்துக் காவலிருந்தால் போதும். எல்லா நாளும் எல்லாரும் விழித்திருக்க முடியாது. காலையில் கொழுந்துக்கும் போக வேண்டுமே.

நாமே வைக்கும் தீவனம்

கோவா வெட்டிய பின் வெளியிலைகளை எங்கே கொட்டுகிறோம்? பெரும்பாலும் காட்டோரத்தில், பாத்திக்கு மேற்புறமாக. கரட் தழையும் அப்படித்தான். வேட்டைக்காரன் காசு கொடுத்து விதைக்கும் தீவனப் பாத்தியை நாம் இலவசமாக அமைத்துக் கொடுக்கிறோம். தாய் மரை அதைத் தின்னப் பழகினால் கூட வரும் குட்டியும் அந்தத் தடத்தில் நடக்கப் பழகும். கழிவு இலையை வீட்டுப்பக்கமாகக் குழி வெட்டிப் போட்டு, மேலே மண் மூடினால் பசளையும் கிடைக்கும். மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாலும் நல்லதுதான்.

கைவிடப்பட்ட தேயிலை மலைகள் இன்னொரு காரணம். கவாத்து இல்லாமல் ஆளுயரத்திற்கு வளர்ந்து புதர் மண்டிய மலை, பகலில் பன்றியும் மானும் படுத்திருக்க ஏற்ற இடம். அப்படிப்பட்ட மலைக்கும் பாத்திகளுக்கும் இடையில் ஒரு பட்டையைத் துப்புரவாக வைத்திருக்கத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்பது நியாயமான கோரிக்கை. ஒருவர் தனியாகக் கேட்பதைவிடத் தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து எழுத்தில் கேட்பது நல்லது.

வேலி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் சுற்றளவு 53 மீற்றர். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே அடைத்தால் 530 மீற்றருக்கு மேல் வேலி வேண்டும். அதே பத்துத் துண்டுகளும் இரண்டு வரிசையாக ஒட்டியிருந்து, வெளிப்புறத்தை மட்டும் சேர்ந்து அடைத்தால் ஏறக்குறைய 186 மீற்றர் போதும். மூன்றில் ஒரு பங்கு செலவை விடச் சற்றுத்தான் கூடும். மலைச்சரிவில் நிலம் இப்படி ஒழுங்காக அமையாது என்பது உண்மைதான். கணக்கு கூடிக் குறையும், ஆனால் கூட்டு வேலி எப்போதும் மலிவாகவே இருக்கும். பயிர் நிலத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பு உள்ளவர்கள் சிதறி எடுக்காமல் சேர்த்து எடுப்பது இதற்காகவும் நல்லது.

வேலி ஏழு அடிக்குக் குறைந்தால் மரை தாண்டிவிடும். அடியில் இடைவெளி இருந்தால் பன்றியும் குரைக்கும் மானும் நுழையும். வலை வாங்க வசதியில்லாதவர்கள் கம்பு நட்டுப் பழைய சேலைகளைக் கட்டுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் மரை குதிக்கத் தயங்கும் என்பதால் அதில் ஓரளவு பயன் உண்டு. ஆனால் எக்காரணம் கொண்டும் வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்கு இழுக்க வேண்டாம். அதில் விலங்கு மட்டும் விழுவதில்லை. இரவில் எழுந்து போகும் பிள்ளையும் விழும்.

இறைச்சி பற்றி ஒரு வார்த்தை. கறி வாங்க வசதியில்லாத வீட்டில் மரைக்கறி பெரிய காரியம்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் விற்பனைக்காகக் கம்பி வைக்கும் இடத்தில் வாங்குபவர் வாகனத்தில் வந்து வாங்கிப் போய்விடுவார், பிடிபடுபவர் லயத்து இளைஞராகவே இருப்பார். வழக்கு, பிணை, வேலைநாள் இழப்பு என்று அந்தக் குடும்பம் கொடுக்கும் விலை ஒரு போகக் கோவாவை விடப் பெரிது.

அடுத்த போகத்திற்கு மண் கொத்துவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து பகலில் காட்டோரத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியால் செய்த சுருக்குகள் மரத்தடியிலும் தேயிலைச் செடியின் தூரிலும் முழங்கால் உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். சென்ற வருடம் வைத்து மறந்துபோனவையும் இருக்கும், அவையும் இன்னும் பிடிக்கும். அவிழ்த்துச் சுருட்டி எடுத்துவிடுங்கள். விலங்கு ஏதும் மாட்டியிருந்தால் கிட்டப் போக வேண்டாம். சிறுத்தையாயின் தூரத்திலேயே நின்று ஆட்களை விலக்கி, கிராம அலுவலர் மூலமாகவோ பொலிஸ் மூலமாகவோ வனஜீவராசிகள் திணைக்களத்திற்கு உடனே அறிவியுங்கள். கூட்டம் கூடிக் கத்தினால் விலங்கு கம்பியை மேலும் இழுக்கும், சுருக்கு இன்னும் இறுகும்.